கழுத்து மாலையிலிருந்து பறித்த இலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

புருஷன் வீட்டுக்குப் போகிற மகளுக்குச் சொல்ல அப்பன்மாரிடம் ஆயிரம் இருக்கும். நீ கல்யாணப் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டுச் செடி கொடிகளோடு கடல் தாண்டப் போகிறாய். உங்கம்மா பண்ருட்டி முந்திரியையும் நார்த்தங்காய் ஊறுகாயையும் பொட்டலம் பொட்டலமாகக் கட்டிக்கொண்டிருக்கிறாள். விமானத்தில் எடை பார்ப்பார்கள் என்று சொல்லிப் பார்த்தேன், பார்த்தால் பார்க்கட்டும் என்றாள். எனக்குக் கட்டித் தர ஒன்றும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நிலக்கரிச் சுரங்கத்தில் மண்ணை வெட்டி ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் கொட்டியவன் நான், அதிலிருந்து ஒரு பிடி எடுத்து உன் பெட்டியில் வைக்கவா முடியும்? நீ வந்ததும் நேரில் உட்கார்ந்து பேசலாம் என்றால் உனக்கும் என் வாய்தான், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் சண்டையில் போய் நிற்கும். அதனால் எழுதுகிறேன். படிக்கும்போது குறுக்கே பேச முடியாது பார், அந்த ஒரு சௌகரியம் எனக்கு.

செடிகளின் சொந்தபந்தத்தை டி.என்.ஏ.வை வைத்துக் கண்டுபிடிக்கும் படிப்பு என்று நீ முதன்முதலில் சொன்னபோது நான் கேட்ட ஒரே கேள்வி, அந்த வேலை பெர்மனன்டா என்பதுதான். நம் டவுன்ஷிப்பில் மனிதர்கள் ரெண்டே சாதி, பெர்மனன்ட், கான்ட்ராக்ட். அந்தப் புத்தி அவ்வளவு சீக்கிரம் போகுமா? நான் பார்க்கப் போகிற செடிகள் கோடிக்கணக்கான வருஷமாக பெர்மனன்டாக இருக்கின்றன என்று நீ பதில் சொன்னாய். படிப்பு வளர்ந்ததோ இல்லையோ வாய் வளர்ந்துவிட்டது என்று முனகிக்கொண்டு நான் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டேன். ஆனால் அன்று முழுக்க அந்தப் பதில் காதில் ரீங்காரமிட்டுக்கொண்டே இருந்தது.

அடுத்த மார்கழியில் விடிகாலை என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நம் தெருவின் வாசல்களை எல்லாம் காட்டினாயே, அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் உறைத்தது. உங்கம்மா போடும் தாமரைக் கோலத்தில் ஒரு மூலையில் மட்டும் இழை சேராமல் பிரிந்து போகும். கோவில்பட்டியில் சின்னப் பெண்ணாகக் கற்றபோதே ஒட்டிக்கொண்ட தப்பு அது. அவளிடம் கற்ற எதிர்வீட்டு சேலத்து அம்மாவின் வாசலிலும் அதே மூலையில் அதே தப்பு. அந்த அம்மாவிடம் கற்ற கடைசி வீட்டுப் பெண்ணின் வாசலில் பழைய தப்போடு புதிதாக இன்னொன்று. யார் யாரிடம் கற்றார்கள் என்று ஒருத்தரையும் கேட்க வேண்டாம், தப்புகளைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்றாய். செடிக்குள்ளும் நாலே எழுத்துகளால் ஆன நீளமான ஒரு வாசகம் இருக்கிறது, தலைமுறை தலைமுறையாக அதைப் பார்த்துப் பார்த்து எழுதும்போது எங்கேயோ ஓர் எழுத்து மாறிப்போகும், மாறினது அப்படியே பிள்ளைக்கும் பேரனுக்கும் போகும், ஒரே மாற்றம் ரெண்டு செடிகளில் இருந்தால் அந்த ரெண்டும் ஒரு வயிற்று வழி வந்தவையாக இருக்கும் என்றாய். குளிரில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு நடுத்தெருவில் வாயைப் பிளந்தபடி நின்றேன். உங்கம்மாவுக்கு மட்டும் தன் கோலத்தில் தப்பு இருக்கிறது என்பதுதான் காதில் விழுந்தது. அன்றைக்கு உனக்குச் சட்னி இல்லாத இட்லி.

அதற்குப் பிறகு நீ வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரு குண்டைத் தூக்கிப் போடுவாய். குவார்ட்டர்ஸ் தோட்டத்தில் உங்கம்மா தலையில் வைக்கிற கனகாம்பரமும், மார்கழியில் ஊதாவாகப் பூக்கிற டிசம்பர் பூவும், இருமலுக்குக் கஷாயம் வைக்கிற ஆடாதொடையும் ஒரே குடும்பம் என்றாய். சரி, பக்கத்துப் பக்கத்தில் வளர்கிறதுகள், இருக்கட்டும் என்றேன். ஜுரத்துக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிற நிலவேம்பும் அதே குடும்பம்தான், அதிலும் டிசம்பர் பூவுக்குக் கனகாம்பரத்தைவிட நிலவேம்புதான் நெருங்கின சொந்தம் என்றாய். அந்தக் கசப்புக்கும் இந்தப் பூவுக்கும் என்னடி சம்பந்தம் என்று சண்டைக்கு வந்தேன். உச்சகட்டம் பிச்சாவரத்தில். படகில் போகும்போது, உப்புத் தண்ணீருக்குள் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக வேரை மேலே நீட்டிக்கொண்டு நின்ற ஒரு மரத்தைக் காட்டி, இதுவும் கனகாம்பரத்துக்கு உறவு என்றாய். பூவையும் காயையும் பார்த்து ரொம்பக் காலம் இதைத் தனிக்குடித்தனம் வைத்திருந்தார்கள், உள்ளே இருக்கும் எழுத்தைப் படித்த பிறகுதான் வீட்டுக்குள் சேர்த்தார்கள் என்றாய். உங்கம்மா ஒரு கையால் தலையில் இருந்த பூவைத் தொட்டுக்கொண்டே அந்த மரத்தைப் பார்த்தாள்.  

உன் லேபுக்கு என்னைக் கூட்டிப் போனாயே, அதையும் சொல்லிவிடுகிறேன், சொன்னதில்லை. இலையை அரைத்து, என்னென்னவோ ஊற்றி, சூடாக்கி, சுற்றவிட்டு, கடைசியில் கொஞ்சம் ஆல்கஹாலை விட்டுக் குழாயை மெல்லச் சாய்த்தாய். தெளிந்த தண்ணீருக்குள் வெள்ளையாக, நூல் பிரிந்ததுபோல் ஏதோ திரண்டு வந்தது. இதுதான்ப்பா என்றாய். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். கோவிலில் திரை விலகும்போது தானாகக் கை கூப்புமே, அப்படி என் கை கூப்பிக்கொண்டது. உன் கூடப் படிக்கிற பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று சட்டென்று இறக்கி பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன். கூச்சப்பட்டிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. நீ போகிற ஊரில் இதைவிடப் பெரிய மிஷின்கள் இருக்கும். தினமும் பார்த்துப் பார்த்து அந்த வெள்ளை நூல் உனக்குச் சாதாரணமாகிப் போய்விடக் கூடாது, அதுதான் என் பயம். மாசத்துக்கு ஒரு தடவையாவது முதல் தடவை பார்க்கிறவள்போல் அதைப் பார்.

லேபுக்கு வந்த அன்று நானும் வெறுங்கையோடு வரவில்லை. நிலக்கரிக்குள்ளிருந்து கிடைத்த மரத்துண்டு ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்து வந்தேன். கறுத்துப்போயிருந்தாலும் மரத்தின் ரேகை அப்படியே இருந்தது. எத்தனையோ கோடி வருஷத்துக்கு முந்தின மரம், இதை நம் பெண் படித்துவிட்டால் உலகமே திரும்பிப் பார்க்கும் என்று பஸ்ஸில் கற்பனை பண்ணிக்கொண்டே வந்தேன். நீ அதைக் கையில் வாங்கி, தடவிப் பார்த்து, மெதுவாகச் சொன்னாய், இதில் ஓர் எழுத்துகூட மிச்சம் இருக்காது, இவ்வளவு காலம் அது தாங்காது என்று. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அப்புறம் நீ ஒன்று சொன்னாய். "செத்த மரம் மறந்துடும்ப்பா. உயிரோட இருக்கிற செடிதான் மறக்காம அடுத்ததுகிட்ட சொல்லிட்டே வந்திருக்கு." ராத்திரி பஸ்ஸில் திரும்பும்போது எனக்குத் தூக்கம் வரவில்லை. நிலக்கரியை எடுக்க நாங்கள் முதலில் என்ன செய்வோம்? மேலே இருக்கிற புதரையும் மண்ணையும் வழித்து ஓரமாகக் கொட்டுவோம். எங்களுக்கு அது வேண்டாத சுமை, கீழே இருப்பதுதான் சரக்கு. கீழே இருப்பது எல்லாவற்றையும் மறந்துபோன மரம், மேலே நாங்கள் வழித்துத் தள்ளியது ஒன்றையும் மறக்காத செடி என்று ஒருத்தரும் எனக்குச் சொல்லித் தரவில்லையே பாப்பா.

டிசம்பர் பூவின் காட்டுச் சொந்தங்களில் மஞ்சளாகப் பூக்கிறவை எல்லாம் ஒரு கிளை, நீலமும் ஊதாவும் இன்னொரு கிளை என்று படித்தவர்கள் பிரித்து வைத்திருந்தார்கள். நீ ஒரே ஒரு மஞ்சள் முள்ளியின் மேல் சந்தேகப்பட்டாய். வேலி ஓரத்தில் எங்கும் கிடக்கிற செம்முள்ளி இல்லை, இலை ஒடுங்கி, பூ வெளிறின மஞ்சளாக இருக்கிற இன்னொன்று. அது மஞ்சள் வீட்டுப் பிள்ளையே இல்லை, நம் தோட்டத்து ஊதாப் பூவோடு பிறந்தது, மஞ்சள் நிறம் இந்த வம்சத்தில் தனித்தனியாக ரெண்டு தடவை வந்திருக்கிறது என்பது உன் கட்சி. ஆனால் கையில் இலை இல்லை. பழைய காலத்தில் யாரோ கடலூர் பக்கத்துப் புதர்க்காட்டில் பறித்துக் காகிதத்தில் ஒட்டிவைத்த ஒரே ஒரு கிளைதான் இருந்தது, அதற்குள் இருந்த எழுத்தெல்லாம் பொடிப்பொடியாக உடைந்துபோயிருந்தது. நீயும் லீவு லீவாக வந்து இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க அலைந்தாய். கடைசியில் உன் பேராசிரியர், பச்சை இலை கிடைக்கவில்லை என்றால் ஆய்வேட்டிலிருந்து அந்த அத்தியாயத்தையே எடுத்துவிட்டு எல்லோரும் சொல்கிறதையே எழுதிவிடு என்று சொல்லிவிட்டார். அந்த அத்தியாயம் போனால் இத்தனை வருஷ உழைப்பில் உனக்கென்று ஒன்றும் மிஞ்சாது. போனில் அதைச் சொல்லும்போது நீ அழவில்லை, அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

சொன்னால் சிரிப்பாய், ஒதுங்கப் போன இடத்தில்தான் நான் அதைப் பார்த்தேன். சுரங்கம் முன்னேறி வருகிற விளிம்பில், வடக்குத்துப் பக்கம், முந்திரி மரங்களுக்கு நடுவே ஒரு மூலையில் ஏழெட்டுப் புதர். பூ இல்லை, இலை மட்டும் ஒடுங்கி இருந்தது. படம் எடுத்து அனுப்பினேன். தொடாதீங்கப்பா என்று உடனே போன். முன்பு யாரோ அனுப்பின இலை வேறு செடியாகப் போய் நீ சூடுபட்டிருந்தாய். ஒரே கிளையில் பூவும் இலையும் இருக்க வேண்டும், அதை நானே கண்ணால் பார்த்து எடுக்க வேண்டும், அதற்கு அனுமதியும் கேட்டிருக்கிறேன் என்றாய். எனக்கோ மாசக் கடைசியோடு ரிடையர்மென்ட். அந்த மூலையை மட்டும் மாசக் கடைசி வரைக்கும் விட்டுவைக்கும்படி அதிகாரியைக் கெஞ்சினேன், கிழவனின் கடைசி ஆசை என்று நினைத்து ஒத்துக்கொண்டார். அப்புறம் தினமும் ஷிப்ட் முடிந்ததும் அங்கே போய் மொட்டு விட்டிருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. புதர் வெட்டுகிற கான்ட்ராக்ட் பெண்கள் நான் போவதையும் வருவதையும் பார்த்துச் சிரிப்பார்கள். அஞ்சலை என்று ஒருத்தி, அந்தக் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி, என்ன சார் தினம் இத்தையே பாத்துகினு நிக்கிறீங்க என்று கேட்டாள். சும்மாதான் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இதையெல்லாம் அவளிடம் எங்கே போய் விளக்குவது என்று ஒரு மிதப்பு.

மாசத்தின் கடைசி வாரம் பூத்தது. அனுமதி கைக்கு வந்து, கடைசி நாள் காலையில் நீ வந்து இறங்குவதாக ஏற்பாடு. தைப்பூச சமயம் என்பது நம் ரெண்டு பேர் மூளையிலும் உறைக்கவில்லை. வடலூரில் ஜோதி பார்க்க வந்த கூட்டத்தில் உன் பஸ் நகராமல் கிடக்கிறது. நான் ஆபீஸில் உட்கார்ந்து கையெழுத்து மேல் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன், வருகிறவர்கள் சால்வை போர்த்துகிறார்கள், மனசெல்லாம் அந்த மூலையில். ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு கேட்டுக்கு வெளியே என்னை நிறுத்தினார்கள். வழக்கம்தானே, மாலை போட்டு, மேளம் அடித்து, அலங்கரித்த காரில் வீட்டுக்கு அனுப்புவது. ரோஜா மாலை விழுந்தது, சம்பங்கி மாலை விழுந்தது. அப்போது அஞ்சலையும் அவள் கூட்டமும் வந்தார்கள். வாழை நாரில் கட்டின கனமான ஒரு மாலையைத் தலைக்கு மேல் தூக்கி என் கழுத்தில் போட்டார்கள். கழுத்தில் சுருக்கென்று குத்தியது. குனிந்து பார்த்தேன். வெளிறின மஞ்சள்.

"தினமும் வந்து பாத்துகினு நிப்பீங்களே சார், ஆசையா பாக்குறீங்கன்னு நெனச்சோம். இன்னிக்கி அந்த மூலயயும் வழிச்சிடச் சொல்லிட்டாங்க. மண்ணோட போறது உங்க கழுத்துல போவட்டுமேன்னு கட்டினோம்" என்றாள் அஞ்சலை. அவள் விரலெல்லாம் முள் குத்திச் சிவந்திருந்தது. என் தொண்டை வரை வந்த சத்தம் அந்த விரல்களைப் பார்த்து நின்றது. நின்றதே தவிர அடங்கவில்லை, உள்ளே கொதித்தது. என் பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டார்களே. அந்த நேரத்தில்தான் முதுகில் பையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு நீ வந்தாய். என் முகத்தைப் பார்த்தாய், மாலையைப் பார்த்தாய். உனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. நீ கத்தப் போகிறாய் என்று நினைத்தேன். என் பெண்ணாக இருந்தால் கத்தியிருக்க வேண்டும், சண்டை போடாமல் காரியத்தை முடிக்கிற உங்கம்மாவின் பெண்ணும் நீ என்பது எனக்கு மறந்துபோயிற்று. அஞ்சலையின் கையைப் பிடித்து, எல்லாம் அந்த மூலையில் பறித்ததுதானா, வேறு எதையும் சேர்த்தீர்களா என்று நிதானமாகக் கேட்டாய். வேறு ஒன்றும் இல்லை கண்ணு என்றாள் அவள். முள் இருந்ததால் பூவைத் தனியாகக் கிள்ள முடியாமல் இலையோடு கிளை கிளையாக வெட்டிக் கட்டியிருந்தார்கள், பார்த்தாயா, அந்த முள்தான் நம்மைக் காப்பாற்றியது. "அசையாதீங்கப்பா" என்றாய்.

நான் அசையவில்லை. சுற்றிலும் மேளக்காரர்கள், லட்டுத் தட்டோடு கான்டீன்காரர், சால்வையோடு அதிகாரி, எல்லோரும் நிற்கிறார்கள். நீ என் மார்பின் மேல் கேமராவை வைத்து ஒவ்வொரு பூவாகப் படம் எடுத்தாய். பூவும் மொட்டும் இலையும் சேர்ந்திருந்த ஒரு கிளையை நாரிலிருந்து உருவி, செய்தித்தாளுக்குள் வைத்து அமுக்கினாய். மற்ற இலைகளைப் பறித்து, புது ஷூ டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சக் கிடக்குமே அந்த மணிகள் நிரம்பின உறைகளுக்குள் போட்டாய். என் ஆயுசில் யாரும் என்னை அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்ததில்லை. உன் விரல் என் கழுத்தோரம் இலை தேடும்போது எனக்கு ஒன்று தோன்றியது. இந்தச் செடி பிறந்ததிலிருந்து யாருக்கும் கேட்காமல் ஒரு வாசகத்தைச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறது, அதைக் கேட்க ஒருத்தி வந்து சேர்ந்த அன்றைக்கு அதற்கு நிற்க இடம் இல்லை, என் கழுத்தைத் தவிர.  என் வேலையின் கடைசி மணி நேரத்தில் நான் செடியாக நின்றேன். மேளக்காரர் ஒருத்தர், பொண்ணுக்கு அப்பா மேல எவ்ளோ பாசம் பாரு என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

அந்த மூலையை அன்றைக்கே போய்ப் பார்த்தோம், வழித்த மண்தான் இருந்தது. நீ லேபுக்குத் திரும்பினாய், நாங்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடக்குத்தில் இந்த வாடகை வீட்டுக்கு வந்தோம். அப்புறம் நேற்று உன் போன். ரெண்டு தடவை வேறு வேறு இலையிலிருந்து பார்த்தாகிவிட்டது, பேராசிரியரும் சரிபார்த்துவிட்டார் என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டு, "அப்பா, அது வந்து நம்ம டிசம்பர் பூ பக்கத்துலயே உக்காந்துடுச்சுப்பா" என்றாய். நான் பேசாமல் இருந்தேனே, லைன் போய்விட்டது என்று நீ கத்தினாயே, லைன் எங்கும் போகவில்லை. கூடப் பிறந்தவளை எவ்வளவோ காலம் கழித்துக் கண்டுபிடித்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது, அதுவும் தான் நின்ற மண் போன பிறகு. அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கம்மா போனைப் பிடுங்கி, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு ஓவென்று அழுதாள்.

செய்தித்தாளில் அமுக்கின கிளையைக் காகிதத்தில் ஒட்டி, காலத்துக்கும் பாதுகாக்கிற இடத்தில் வைக்கப் போகிறார்கள் என்றாய். கீழே சேகரித்தவர் பெயர் எழுத வேண்டும், உங்கள் பெயரைப் போடுகிறேன் என்றாய். இன்று காலை நான் அஞ்சலை குடியிருக்கிற பின்தெருவுக்குப் போய் அவள் முழுப்பெயரைக் கேட்டேன். "எம்பேரா? எதுக்கு சார்? கேசு எதுனா வருமா?" என்று அரண்டுபோனாள். அவள் வாசலில் உட்கார்ந்து, அன்றைக்குப் புதர் ஓரத்தில் சொல்லியிருக்க வேண்டியதை எல்லாம் சொன்னேன், கோலம், நாலு எழுத்து, உன் சந்தேகம், மாலை, எல்லாம். ஒரு இடத்திலும் அவளுக்கு மறுபடி சொல்ல வேண்டியிருக்கவில்லை. கேட்டு முடித்துவிட்டுத் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நான் வெட்டினதுதான் கடைசியா சார்?" என்றாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். வேறு எங்காவது இருக்கலாம், என் பெண் இன்னும் தேடுவாள் என்றேன். அப்புறம் நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்:

"எம்பேரே போடச் சொல்லுங்க சார். ஊரு வடக்குத்துன்னும் போடச் சொல்லுங்க. பின்னால யாருனா அந்தப் பூவத் தேடிகினு வந்தா, எங்க இருந்துச்சின்னு காட்டறதுக்கு ஒரு ஆளு வேணுமில்ல."

அந்த இடத்தில் இப்போது பெரிய பள்ளம் இருக்கிறது. அவள் பெயரையே போடு.

அப்பா